ராசிபலன் சுத்தின ஸ்கோப்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்லி வந்த நாள்லேர்ந்து உங்க பேப்பர்தான் எங்க வீட்டுல, ஆனா போன மாசம் அது என் கைக்கு வந்த விதமே வேற, அதான் இந்த லெட்டர். எங்க மேல் வீட்டுப் பையன் ஒருத்தன், குர்கான்ல ஐடி வேலை, சனி ஞாயிறு ஆனா ரைபிள் கிளப்புக்கு ஓடிடுவான், லைசன்ஸ் எல்லாம் முறையா எடுத்து வாங்கின .22 ரைபிள். "அங்கிள், குரூப் (சுட்ட தோட்டாவெல்லாம் சேந்து விழற இடம்) நிக்கவே மாட்டேங்குது, காலைல ஒரு இடம் அடிக்குது, வெயில் ஏறினா வேற இடம், தோட்டா மாத்திப் பாத்துட்டேன், மூச்சு விடறதை மாத்திப் பாத்துட்டேன், இனிமே குறி பாக்கற தொலைநோக்கி, அந்த ஸ்கோப்பைத்தான் மாத்தணும் போல"ன்னு தூக்கிட்டு வந்துட்டான். நான் ராணுவத்துல ஈஎம்ஈ-ல ஆர்மரரா, அதாவது துப்பாக்கி பழுது பாக்கறவனா இருந்து ரிட்டையர் ஆனவன், இந்த மாதிரி புலம்பலைக் கேட்டே பாதி சர்வீஸ் போச்சு.

போல்ட்டைத் திறந்து சேம்பர் காலியான்னு சுண்டு விரல் விட்டுப் பாத்துட்டு (இது இல்லாம நான் ஸ்க்ரூ டிரைவரையே தொட மாட்டேன்) ஸ்கோப்பை ரைபிள் மேல பிடிச்சிருக்கிற ரிங்கோட மூடியைக் கழட்டினா, உள்ள பேப்பர்! ஒரு இன்ச் அகலத்துக்கு அழகா வெட்டி, ஸ்கோப் டியூபைச் சுத்தி கலியாண வீட்டு வாழைத்தண்டு மாதிரி அடுக்கடுக்கா சுத்தி வச்சிருக்கான். பிரிச்சுப் பாத்தா உங்க ராசிபலன் பக்கம். "தனுசு: இன்று அலைச்சல் அதிகம்". டியூப் மேல அந்த மை கண்ணாடியில பாத்தாப்ல திருப்பி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அலைச்சல் யாருக்குன்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு.

விஷயம் என்னன்னா அவன் ஸ்கோப் டியூப் ஒரு இன்ச், அதாவது 25.4 மி.மீ. கடைக்காரர் கொடுத்த ரிங் 30 மி.மீ. "எல்லாத்துக்கும் செட் ஆகும் பாய் சாப்"னு சொல்லி அனுப்பியிருக்காரு. சுத்தி 2.3 மி.மீ இடைவெளி, அதை அடைக்க முப்பது சுத்துக்கு மேல பேப்பர் போயிருக்கு. பேப்பர் ஈரம் குடிக்கும், அழுத்தினா அமுங்கும், காஞ்சா சுருங்கும், டெல்லி ஆகஸ்ட் மாசக் காத்துல காலைக்கும் மத்தியானத்துக்கும் குரூப் நகராம என்ன பண்ணும். ஸ்கோப்புக்கு அறுபதாயிரம் கொடுத்தவன் மவுண்டுக்கு, அதாவது ரிங்கோட சேந்த பிடிக்கு, ஆயிரத்து எண்ணூறு கொடுத்திருக்கான். இந்தக் கணக்கு அவன் ஒருத்தன்து இல்ல, கிளப்புக்கு வர்ற புதுப் பசங்க நிறைய பேரோட கணக்கு இதுதான், அதனாலதான் உங்களுக்கு எழுதறேன். கண்ணாடி எவ்வளவு நல்லதா இருந்தாலும் அதைப் பிடிச்சிருக்கிறது ரெண்டு வளையமும் சில ஸ்க்ரூவும்தான்.

மொதல்ல டியூப் அளவு பாருங்க, ஒரு இன்ச்சா, 30-ஆ, 34-ஆ, ஸ்கோப் பாக்ஸ்லயே போட்டிருக்கும், ரிங் அதே அளவுதான் வாங்கணும். அப்புறம் ரைபிள் மேல மவுண்டு மாட்டற பட்டை, அந்த ரயில் என்னன்னு பாருங்க. ஏர் ரைபிள்லயும் .22-லயும் பெரும்பாலும் 11 மி.மீ டவ்டெயில், அதாவது ரெண்டு ஓரமும் சரிவா வெட்டின பட்டை இருக்கும். பெரிய ரைபிள்னா குறுக்கே காடி வெட்டின வீவர் ரயில் இல்லைன்னா பிக்காடினி ரயில், ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இங்கதான் ஏமாறுவாங்க. பிக்காடினி காடி 5.23 மி.மீ அகலம், ஒரு காடி நடுவுலேர்ந்து அடுத்ததோட நடுவுக்கு ஒரே சீரா 10.01 மி.மீ. வீவர் காடி 4.57 தான், இடைவெளியும் ஒரே சீரா இருக்காது. அதனால வீவர் மவுண்டு பிக்காடினில உக்காரும், பிக்காடினி மவுண்டு வீவர்ல உக்காராது. பிக்காடினியோட ஸ்டாண்டர்டு பேரு மில் ஸ்டாண்டர்ட் 1913, அதைப் பாத்துட்டு நூறு வருஷப் பழசுன்னு ஒருத்தர் என்கிட்ட வாதாடினாரு, அது நம்பர் சார், வந்தது 1995-ல.

உயரம் அடுத்தது. முன் கண்ணாடி பேரல்ல இடிக்கக் கூடாது, அதே சமயம் கன்னம் ஸ்டாக்ல படிஞ்ச மேனிக்கே கண்ணு ஸ்கோப்புக்கு நேரா வரணும், தாடையை வச்சுக்கிட்டு கழுத்தை நீட்டிப் பாத்தீங்கன்னா பத்தாவது ரவுண்டுலயே கழுத்து கேள்வி கேக்கும். இதுல கம்பெனிக்காரங்க பண்ற குசும்பு ஒண்ணு இருக்கு, சில பேர் ரயில்லேர்ந்து ரிங்கோட நடு வரைக்கும் அளந்து உயரம்னு போடறாங்க, சில பேர் டியூப் உக்கார்ற அடி வரைக்கும் அளக்கறாங்க. 34 மி.மீ டியூப்னா ரெண்டு கணக்குக்கும் வித்தியாசம் 17 மி.மீ. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுக்குங்க.

பையன் அடுத்து கேட்டது "அங்கிள், 20 எம்ஓஏ மவுண்டு வாங்கட்டுமா, எல்லாரும் அதான் சொல்றாங்க". அதாவது முன்பக்கம் லேசா தணிஞ்சு சரிவா இருக்கிற மவுண்டு. எம்ஓஏ-ங்கறது கோண அளவு, ஒரு டிகிரில அறுபதுல ஒரு பங்கு, 100 மீட்டர்ல சுமாரா 2.9 செ.மீ. ஆயிரம் கெஜம் சுடற .308 ரைபிளுக்கு, 100 கெஜத்துல ஜீரோ பண்ணினதுலேர்ந்து (குறி வச்ச இடத்துலயே தோட்டா படற மாதிரி ஸ்கோப்பைத் திருகி வச்சது) கிட்டத்தட்ட 38, 40 எம்ஓஏ மேல ஏத்தணும், மொத்தம் 60 இருக்கிற ஸ்கோப்புல மேல் பக்கம் பாதி, 30 தான் கிடைக்கும், அங்க இந்தச் சரிவு இல்லாம முடியாது. ஆனா 50 மீட்டர் மட்டும் சுடறவனுக்கு எதுக்கு? மொத்தமே 40 எம்ஓஏ இருக்கிற ஸ்கோப்பை அதுல மாட்டினா கீழ் பக்கம் திருகறதுக்கு மிச்சம் ரொம்பக் குறைஞ்சு போகும், அவனுக்கு அதனால லாபமும் இல்ல. வேணாம்டா தம்பின்னு சொல்லிட்டேன்.

மாட்டும்போது மவுண்டை முன்னாடி, பேரல் பக்கம் தள்ளி காடியில முட்ட வச்சுத்தான் முறுக்கணும், ஏன்னா ரைபிள் உதைச்சுப் பின்னாடி வரும்போது ஸ்கோப் நின்ன இடத்துலயே நிக்கப் பாக்கும். இதை நான் பெரிய மேதாவி மாதிரி என் சொந்த ஸ்பிரிங் ஏர் ரைபிள்லயும் பண்ணினேன். நாலு நாள்ல மவுண்டு டவ்டெயில்ல பின்னாடி ஊர்ந்து வந்துடுச்சு. ஸ்பிரிங் துப்பாக்கி ரெண்டு தடவை உதைக்கும், பிஸ்டன் போய் இடிக்கிறப்ப முன்னாடியும் ஒரு குலுக்கு குலுக்கும், அதுக்கு பின்பக்கம் தடுக்கிற ஸ்டாப் பின் இருக்கிற மவுண்டா பாத்து வாங்கணும். முப்பது வருஷ சர்வீஸ்காரனுக்கு அதை நாலாயிரம் ரூபா ஏர் ரைபிள் சொல்லிக் கொடுத்துச்சு.

நேரா இருக்கான்னு பாக்க நான் எங்க அப்பாவோட தூக்குக்குண்டைத்தான் வச்சிருக்கேன், அவர் குடியாத்தத்துல கொத்தனார். பால்கனியில கட்டித் தொங்கவிட்டு, ரைபிளை ரசமட்டம் வச்சு நிறுத்தி, ஸ்கோப் உள்ள இருக்கிற செங்குத்துக் கோடு அந்த நூலோட ஒட்டுதான்னு பாத்துதான் மூடியை இறுக்குவேன். ஒரு டிகிரி சாஞ்சா என்னன்னு கேப்பாங்க, அந்த .308-க்கு ஆயிரம் கெஜத்துல ஏழு இன்ச் பக்கவாட்டுல போயிடும் சார், முக்கால் ஜாணுக்கு மேல. இறுக்கறதுலயும் கை பலத்தைக் காட்டக் கூடாது, மூடி ஸ்க்ரூவுக்கு பெரும்பாலும் 15-லேர்ந்து 18 இன்ச் பவுண்டுதான் சொல்லுவாங்க, சுமார் 2 நியூட்டன் மீட்டர், ரயில் நட்டுக்கு சில கம்பெனி 65 வரைக்கும் போகும். நட்டுக்கானதை மூடிக்குக் கொடுத்தா டியூப் நசுங்கும். இறுக்கற அளவைக் காட்டற டார்க் ரெஞ்ச் இல்லைன்னா ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்ல கேளுங்க, கார்பன் சைக்கிள் வச்சிருக்கிறவங்க அதைத்தான் வாங்கறாங்க, 2 நியூட்டன் மீட்டர்லேர்ந்து ஆரம்பிக்கிறதா பாத்து எடுங்க. கடைசியா ஸ்க்ரூ தலைக்கும் ரிங்குக்கும் சேத்து வீட்டம்மா நெயில் பாலிஷ்ல ஒரு கோடு, அசைஞ்சா கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்.

இன்னொண்ணு, உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல நம்ம துப்பாக்கி சுடற வீராங்கனை இளவேனில் வாலறிவன் பத்தி எழுதினப்ப ஸ்கோப் வழியா குறி பாக்கற மாதிரி ஒரு வரி வந்துச்சு. 10 மீட்டர் ஏர் ரைபிள்ல ஸ்கோப்பே கிடையாது, சின்ன ஓட்டை வழியா வெறும் கண்ணுதான், அடுத்த தடவை சரியா போடுங்க.

பையன் இப்ப சரியான ஒரு இன்ச் ரிங் வாங்கி மாட்டிட்டான், மூணு ஞாயிறா குரூப் ஒரே இடத்துல நிக்குது, அதே பழைய ஸ்கோப்தான். அவங்க அப்பாதான் இன்னும் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காராம், ராசிபலன் பக்கத்தை எவன் வெட்டினான்னு. அவரும் உங்க வாசகர்தான், அதனால என் பேரு, தெரு எதுவும் போடாதீங்க, ஊரு மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஆர்மரர்,
புதுதில்லி