டேட்டாலாகரில் புரோகிராம் ஏற்றும் முன்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலூர் மாவட்டத்தில் தானியங்கி மழைமானிகளின் டேட்டாலாகரில் (அளவுகளைப் பதிந்துவைக்கும் கருவி) புரோகிராமை மாற்றுவோர் கவனத்துக்கு. சி.ஆர். 1000 போன்ற கருவிகளில் புதிய புரோகிராமை ஏற்றினால் உள்ளே இருக்கும் பழைய பதிவுகள் அழிந்துபோகலாம். முதலில் தரவு முழுவதையும் மடிக்கணினிக்கு இறக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையும் நிலையத்தின் பெயர், தேதியுடன் சேமியுங்கள். மூலக் கோப்பு அலுவலகத்தில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். களத்தில் யாராவது ஓர் எண்ணைத் திருத்தியிருப்பார்கள்.

ஏற்றும்போது 'உடனே ஓடு', 'மின்சாரம் வந்ததும் ஓடு' என்ற இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதை விட்டால், பேட்டரி ஒருமுறை இறங்கி ஏறியபின் கருவி எதையும் பதியாமல் சும்மா கிடக்கும்.

பெரிய தவறு நடப்பது பெருக்கெண்ணில்தான். மழைமானிக்குள் இருக்கும் சிறு வாளி நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறைக்கும் எத்தனை மி.மீ. மழை என்று புரோகிராமில் எழுதும் எண் அது. ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. அளக்கும் மழைமானியில் 0.254 என்று எழுதிய புரோகிராம் ஓடினால் 100 மி.மீ. மழை 127 ஆகப் பதிவாகும். ஏற்றியதும் வாளியைக் கையால் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து, 2 மி.மீ. காட்டுகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைப் பதிவைப் பிறகு நீக்குவதற்காக அந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடுகிறதா என்பதும் முக்கியம். ஒரு நாளின் மழைக்கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது.

மழைமானி பராமரிப்போர் சிலர்,
காட்பாடி.