சேவியருக்கு: எந்த யானாச்செக்கை வாங்குவது?

பிர்னோ
ஞாயிறு இரவு

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, ஆபீஸிலிருந்து வெளியே வந்தால் நடுராத்திரி மாதிரி இருக்கிறது. பாப்பா இப்போது செக் மொழியில்தான் சண்டை போடுகிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும்.

"செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் 'கிளகோலிதிக் திருப்பலி'யில் எந்த ரெக்கார்டிங்கை வாங்கலாம், ஒரே வரியில் சொல்" என்று கேட்டிருந்தாய். கரெல் அன்செர்ல் நடத்திய செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பதிவு, 1963. போதுமா? போதாது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த வரியிலேயே "ஒரிஜினல் வெர்ஷன் என்று ஒன்று இருக்கிறதாமே, அது வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறாய். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீ கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவன், உனக்குப் பகுதிகளை விளக்க வேண்டியதில்லை. 'கோஸ்போதி பொமிலுய்' என்றால் ஆண்டவரே இரக்கமாயிரும், 'ஸ்லாவா' உன்னதங்களிலே, 'வியெருயு' விசுவாசப் பிரமாணம், அப்புறம் தூயவர், இறைவனின் செம்மறி. எல்லாம் பழைய ஸ்லாவோனிய மொழி. 863 வாக்கில் சிரில், மெத்தோடியஸ் இருவரும் நான் இருக்கும் இந்த மொராவியாப் பகுதிக்கு வந்தபோது கொண்டுவந்த வழிபாட்டு மொழி அது. 'கிளகோலிதிக்' என்பது அதை எழுதிய லிபியின் பெயர்தான், மொழியின் பெயரே இல்லை, ஆனால் தலைப்பு அப்படியே நிலைத்துவிட்டது. பெரும்பாலும் லத்தீன்தான் பீடத்துக்கு அருகில் போன 1926-இல் இதை எழுதியிருக்கிறார் மனுஷன். நம் ஊரில் தமிழில் பூசை கேட்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஞாபகம் வைத்துக்கொள். இன்னொன்று, நீ கேட்கும்போது கவனி: செம்மறி பாட்டின் கடைசியில் "எங்களுக்கு அமைதி அருளும்" வரவே வராது. மூன்று தடவையும் இரக்கமாயிரும்தான். பாப்பா ஒருநாள் காதில் வாங்கிவிட்டு, "இது செக் இல்லப்பா, தப்புத்தப்பா எழுதின செக்" என்றாள்.

எழுதும்போது யானாச்செக்குக்கு வயது 72. லுஹாச்சோவிட்சே என்ற நீரூற்றுச் சிகிச்சை ஊரில் ஆகஸ்ட் மாதம் விடாத மழையில் தொடங்கினார். ஈரக் காட்டின் வாசம்தான் சாம்பிராணி, ஆட்டுக்கிடையின் சத்தம்தான் கோவில் மணி என்று பின்னால் எழுதினார். முதலில் கேட்டவர்களில் லுட்விக் குந்தேரா, நாவலாசிரியர் மிலன் குந்தேராவின் அப்பா, இந்தக் கிழவர் இப்போது பக்தராகிவிட்டார் என்கிற தொனியில் விமர்சனம் எழுத, நான் கிழவனும் இல்லை, பக்தனும் இல்லை என்று இவர் சுடச்சுடக் கார்டு போட்டார். இசையைக் கேட்டால் அந்தக் கார்டை நம்புவாய். இதில் முழங்காலில் நிற்கும் இடமே கிடையாது, எல்லாம் நிமிர்ந்து நின்று கத்துவதுதான்.

சரி, பதிப்புச் சண்டைக்கு வருகிறேன். 1927 டிசம்பர் 5-ஆம் தேதி இந்த ஊரில்தான் முதல் நிகழ்ச்சி, நடத்தியவர் யரோஸ்லாவ் க்வாபில். பாடியது பெசெதா பிர்னியென்ஸ்கா, ஒரு காலத்தில் யானாச்செக்கே நடத்திய குழு. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து பாடும் ஆட்கள். ஒத்திகையின்போது அவர் நிறைய மாற்றினார், முதல் நிகழ்ச்சிக்குப் பிறகும் மாற்றினார். வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் 1929-இல் முழு ஸ்கோரை (இசைக்குறிப்பை) வெளியிட்டபோது அவர் இறந்து பல மாதம் ஆகிவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் உலகம் கேட்டது அந்த அச்சைத்தான். பிறகு பால் விங்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கையெழுத்துப் பிரதிகளைத் தோண்டி, இந்த மாற்றங்களில் பலவும் பிர்னோக்காரர்களால் வாசிக்க முடியாததால் வந்தவை, கலைக் காரணத்தால் வந்தவை அல்ல என்று வாதாடி, ஒத்திகைக்கு முந்தைய வடிவத்தைக் கட்டி எழுப்பினார்.

இதைக் காதால் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சார்ல்ஸ் மெக்கெராஸ் என்ற இசை நடத்துனர், ஆஸ்திரேலியாக்காரர், 1947-இல் ப்ராகுக்கு வந்து நடத்துனர் தாலிஹிடம் படித்து வாழ்நாள் முழுக்க யானாச்செக் பித்தாகவே இருந்தவர், இரண்டையும் பதிவு செய்திருக்கிறார். 1984-இல் செக் ஃபில்ஹார்மோனிக்குடன் அச்சு வடிவம், 1994-இல் டேனிஷ் வானொலி இசைக்குழுவுடன் விங்ஃபீல்ட் வடிவம். ஒரே கை, பத்து வருஷ இடைவெளி. நான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு ஒரு சனிக்கிழமை முழுக்க வீணடித்தேன் (அப்படித்தான் சாந்தி சொல்கிறாள்).

கோஸ்போதியில் ஆரம்பித்தேன். அச்சு வடிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டால் நாலு நாலாக, தகதிமி, தகதிமி என்று விழுகிறது. டேனிஷ் பதிவில் அதே மெட்டு தகதகிட, தகதகிட என்று ஐந்தில் போகிறது. ஒரே ஒரு எண்ணிக்கைதான் கூடுதல், ஆனால் கெஞ்சுபவனுக்கு மூச்சு விட ஒரு இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது. இரண்டாம் தடவை கேட்டபோது, நாலில் இருப்பதுதான் அவசரப்படுத்துகிறதோ என்று தோன்றியது. முதல் பகுதியான 'ஊவொத்'திலும் இதே கதைதான். அச்சில் வழித்துச் சீராக்கப்பட்ட தாளங்கள் பழைய வடிவத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, பித்தளை வாத்தியங்கள் ஒரு கணக்கில், தந்திகள் வேறு கணக்கில். அமெச்சூர் குழு ஒத்திகையில் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்.

ஆனால் உண்மையான வெடி வியெருயுவில் இருக்கிறது. நடுவில் கோரஸ் ஓய்ந்து வாத்தியங்கள் மட்டும் போகும் நீண்ட இடம், அதன் முடிவில் ஆர்கன் தனியாகச் சீறி, சிலுவையில் அறையுண்டார் என்ற வார்த்தைக்கு இட்டுச் செல்லும். அச்சில் அங்கே ஆர்கன்தான் ராஜா. பழைய வடிவத்தில் மூன்று செட் டிம்பனி முரசுகள் அதற்குள் புகுந்து அடிக்கின்றன. ஹெட்ஃபோனில் முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது, சும்மா சொல்லவில்லை. அதே பகுதியில் கிளாரினெட்டுகள் மேடைக்கு வெளியிலிருந்து, யாரோ மலைக்கு அந்தப் பக்கம் வாசிப்பதுபோல வருகின்றன. அச்சு வடிவத்தில் அவை ஒழுங்காக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டன.

அப்புறம் அந்த இன்ட்ராடா. பெயருக்கு அர்த்தம் நுழைவு இசை, ஆனால் அச்சில் அது கடைசியில் வருகிறது, எல்லாரும் வெளியே போகும்போது. விங்ஃபீல்ட் அதை ஆரம்பத்திலும் வைத்து, கடைசியிலும் வைத்துவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு என்னவோ, கடைசி அடியை முதலிலேயே அடித்துவிட்டால் பிறகு அடிக்க என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது.

நீ உடனே "அப்படியென்றால் டேனிஷ் பதிவைத்தானே வாங்க வேண்டும்" என்பாய். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். மாற்றங்களை எழுதியது யானாச்செக்கின் கைதானே? பாட முடியாததால் மாற்றினார் என்றே வைத்துக்கொள், மாற்றியதைக் கேட்டபின் அவருக்கு அது பிடித்துப்போயிருக்கலாம் இல்லையா? சபையில் நாமும் எத்தனை பாட்டை இழுக்க முடியாமல் சுருதி இறக்கிப் பாடி, பிறகு அந்தச் சுருதியே நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். 2011-இல் இந்த ஊர்க்காரரான யிர்ஷி ஸஹ்ராட்கா, 1927 செப்டம்பர் வடிவம் ஒன்று, இறுதி வடிவம் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாகவே பதிப்பித்தார். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஒன்றை உண்மை, மற்றதைச் சேதாரம் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. செப்டம்பர் வடிவத்தைத் தொமாஷ் நெத்தோபில் ப்ராக் வானொலி இசைக்குழுவுடன் பதிவு செய்திருக்கிறார், ஒலி கண்ணாடி மாதிரி இருக்கிறது, டிம்பனிக்காக அதைக் கேள்.

ஆனால் வாங்குவது அன்செர்லை. ஏன் என்று காரணம் சொல்வது கஷ்டம். டெனர் (உச்சஸ்தாயி ஆண்குரல்) பெனோ ப்ளாகுட், ஸ்லாவாவிலும் வியெருயுவிலும் அந்த உச்சிக்குப் போகும்போது அழகாகப் பாட முயற்சியே செய்யவில்லை, கிராமத்தில் அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல். கோரஸுக்கு இது ஏறக்குறையத் தாய்மொழி, மெய்யெழுத்துக்கள் பல்லில் கடிபட்டு வருகின்றன. டேனிஷ் கோரஸ் சுத்தமாகப் பாடுகிறது, ஆனால் படித்துப் பாடுகிறது. அன்செர்ல் எதற்கும் நின்று உருகுவதில்லை. தெரெஸீன், ஆஷ்விட்ஸ் என்ற நாஜி முகாம்கள் இரண்டிலும் இருந்து, மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து உயிரோடு திரும்பியவர் அவர். அந்த மனுஷன் இரக்கமாயிரும் என்ற வார்த்தைக்கு எந்தச் சர்க்கரையும் சேர்க்காததை நான் ஒவ்வொரு தடவையும் கவனிக்கிறேன்.

அதன் பழைய எல்பிக்கு ஒரு கடையில் ஆர்டர் போட்டேன், உறை சரியாக வந்தது, உள்ளே திவோர்ஷாக்கின் ஸ்லாவோனிய நடனங்கள் இருந்தன. திருப்பி அனுப்பத் தபால் செலவு தட்டின் விலையைவிட அதிகம். பாப்பா அதற்கு ஆடுகிறாள், போகட்டும்.

தினமும் வேலைக்குப் போகும்போது மெண்டல் சதுக்கத்தில் ட்ராம் மாறுகிறேன். பட்டாணிச் செடி மெண்டல்தான். யானாச்செக் பத்து, பதினோரு வயதில் பாடும் பையனாக வந்து சேர்ந்த மடம் அங்கே அப்படியே நிற்கிறது, அவர் இருக்கும்போதே மெண்டல் அதற்குத் தலைவரானார். நீ வந்தால் அந்தக் கோவிலுக்குள் கூட்டிப்போகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நாம் ஹாஸ்டலில் வைத்திருந்த, குபெலிக் நடத்திய இதே திருப்பலியின் கேசட் உன்னிடமா இருக்கிறது? முன்னால் வேறு ஏதோ பதிவாகியிருந்ததால், வியெருயு நடுவில், சரியாக அந்த ஆர்கன் சீறுவதற்கு முன்னால் பக்கம் முடிந்து 'டக்' என்று நிற்கும், நீ ஓடிப்போய்த் திருப்பிப் போடுவாய். டேனிஷ் பதிவில் டிம்பனி அடிக்கும் இடத்தில் நான் இன்னும் அந்த 'டக்'கைத்தான் எதிர்பார்க்கிறேன். இருந்தால் எறிந்துவிடாதே, தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்