18 வயதுக்குட்பட்ட பிள்ளையை போலீஸ் பிடித்தால்: ஞாயிறு கூட்டம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10.30 மணிக்கு, தருமபுரி நம் பள்ளி ஹாலில் கூட்டம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ம் அதன் விதிகளும் சொல்வதை இப்போதே படித்து வையுங்கள்.

1. லாக்கப், கைவிலங்கு இரண்டும் கூடாது.

2. குழந்தை நல காவல் அலுவலர் (சிறார் வழக்குகளைக் கவனிக்கும் போலீஸ் அதிகாரி) பொறுப்பில்தான் பிள்ளை இருக்க வேண்டும், அவர் சாதாரண உடையில் இருக்க வேண்டும். பெற்றோருக்கு உடனே தகவல் வர வேண்டும்.

3. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) முன் ஆஜர்படுத்த வேண்டும். குழுமம் கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். ஆகவே "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4. எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கக் கூடாது.

5. குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றம், அல்லது பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் என்றால்தான் எஃப்ஐஆர். மற்றவை ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிவாகும்.

6. பெரும்பாலும் சிக்கல் வருவது வயதில்தான். ஆதாரை மட்டும் நம்பாதீர்கள். பள்ளிப் பிறந்த தேதிச் சான்று அல்லது 10-ஆம் வகுப்புச் சான்று, இல்லையேல் உள்ளாட்சி பிறப்புச் சான்று வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் எலும்புச் சோதனை. அதில் ஓரிரு வருடம் முன்பின் வரும், 17 வயதுப் பையன் 19 ஆகிவிடுவான்.

7. பிடிபட்ட பிள்ளையின் பெயர், போட்டோவைக் குழுவில் போடவே வேண்டாம். போட்டவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

செய்ய வேண்டியது: பிள்ளையின் வயதுச் சான்று நகல் 2 எடுத்து வாருங்கள். 1098 (குழந்தைகள் உதவி), 15100 (இலவச சட்ட உதவி) எண்களை போனில் சேமியுங்கள். வருவோர் சனி மாலை 6 மணிக்குள் இங்கே "வருகிறேன்" என்று பதிவிடுங்கள்.