ஒபரேசன் தியேட்டரில நிக்கிற என்ர பிள்ளைக்கு

செல்லத்துக்கு,

அப்பாவின்ர முழங்கால் ஊசி போட்ட பிறகு பரவாயில்லை, படியேறுறார். பின் வளவு வேலி காத்துக்கு விழுந்திட்டுது, ஆள் பிடிக்க வேணும். வேற புதினம் இல்லை. நீ அனுப்புற "சுகமா இருக்கிறன்" எல்லாம் வந்து சேருது. அதுக்கு மேல நான் ஒண்டும் கேக்கேல்லை.

பெரியம்மாவின்ர மோன் உன்னை லிஃப்டடியில கண்டவனாம். ட்ரொலி தள்ளிக்கொண்டு போனியாம், வழமை போல. அவன் சும்மா சொன்னதுதான். ஓ.டி.பி. (தியேட்டரில மயக்க டொக்டருக்கும் சேர்ஜனுக்கும் கைகுடுக்கிற ஆள்) படிக்கிற மூண்டாம் வருசத்துப் பிள்ளை, நோயாளிக்கு மயக்கம் குடுக்கிற அறையில நிக்கவேண்டிய கிழமையில, ஏன் வாட்டுக்கு ட்ரொலி தள்ளுது எண்டு தியேட்டரில வேலை செய்த எவருக்கும் விளங்கும். எனக்கும் விளங்குது. அதைப் பற்றி நீ ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.

யூனிவர்சிற்றியிலயிருந்து நேர வாற மாணவரை ஒருத்தரும் முன்னம் கண்டிருக்க மாட்டினம். அவையைக் கண்டா மாணவர் எண்டுதான் நினைப்பினம். நீ அதே தியேட்டரில சப்போர்ட் வேர்க்கரா, ட்ரொலி தள்ளுற உதவியாளா நிண்டு, அதே ஆக்களின்ர கண்ணுக்கு முன்னால அப்பிரண்டிசா, வேலை செய்துகொண்டே படிக்கிற ஆளா மாறினனி. படிப்புக் காசு நீ கட்டுறேல்லை, சம்பளம் வருது, 36 மாதத்தில டிகிரியும், இந்த வேலைக்காரரைப் பதியிற எச்.சி.பி.சி. எண்ட சபையில பதிவுக்கான தகுதியும், பிறகு பாண்ட் 5 சம்பளப் படி. இதைவிட நல்ல வழி இங்கிலாந்தில இந்த வேலைக்கு இல்லையெண்டு நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன். ஆனா ஆள் குறைஞ்ச காலையில பொறுப்பாளருக்கு முதல் ஞாபகம் வாறது உன்ர பழைய வேலைதான். "ஒரு உதவி செய்யிறியே" எண்டு கேப்பினம். நீ ஓம் எண்டிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா.

நீ 2023 இல சேர்ந்தனி. அந்தக் காலத்து விதிப்படி, முழுநேரம் வேலை செய்யிறவருக்கு வழமை வேலையை விட்டு விலகிப் படிக்கிற பயிற்சி சராசரியாக் கிழமைக்கு 6 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. அது சம்பள நேரத்துக்குள்ள வரவேணும். ஒரு நாள் கைவிட்டுப்போனா வேறொரு நாள் குடுக்கவேணும், இராத்திரி வீட்டில குந்தியிருந்து நீ எழுதுறது அந்தக் கணக்கில சேராது. மூண்டு மாதத்துக்கொருக்கா நீ, யூனிவர்சிற்றி ஆள், ஆஸ்பத்திரி ஆள் எண்டு மூண்டு பேரும் இருந்து கதைக்கிற கூட்டம் இதுக்குத்தான். அங்க போய் "எல்லாம் நல்லாப் போகுது" எண்டு சொல்லிப்போட்டு வராதை. எந்தத் திகதியில எங்க நிக்கவேண்டியிருந்தது, எங்க நிப்பாட்டினவை எண்டு எழுதி வைச்சுக்கொண்டு போ. கோவிக்கத் தேவையில்லை. திகதியும் மணித்தியாலமும் காணும்.

மயக்க அறை நாள் குறைஞ்சா என்ன குறையும் எண்டதை யோசி. மயக்க மெசின் செக் சும்மா கையெழுத்துப் போடுற வேலையில்லை. செக் பண்ணேக்க பின்னால இருக்கிற ஒக்சிசன் சிலிண்டரைத் திறந்து, அமுக்கம் பார்த்து, திருப்பிப் பூட்டவேணும். திறந்தபடி விட்டா, சுவர் ஒக்சிசன் விழுற நாளில சிலிண்டர் சத்தமில்லாமல் அந்த இடத்தைப் பிடிச்சு வெறுமையாகும், பிறகு ரெண்டும் இல்லை. கையால அமத்தி மூச்சுக் குடுக்கிற அம்பு பாக் மெசினில தொங்கவேணும், அடுத்த அறையில இருந்தாப் போதாது. ரெண்டு பாக் வைச்சு மாறி மாறி அமத்திப் பார்க்கிற செக்கை, சேர்க்கிட் (மெசினிலயிருந்து நோயாளிக்குக் காத்துக் கொண்டுபோற குழாயள்) மாத்துற ஒவ்வொரு முறையும், நோயாளியின்ர பக்கத்து ஃபில்டரும் முழங்கைத் துண்டும் பூட்டினபடி செய். 2001 இல எசெக்ஸில ஒரு 9 வயதுப் பையன் செத்தது, ட்ரிப் செற்றின்ர சின்ன மூடியொண்டு அந்தக் குழாய்த் துண்டுக்குள்ள சிக்கி அடைச்சதாலதான். கண்ணால பார்த்தா ஒண்டும் தெரியாது. காத்துப் போகுதோ எண்டு அமத்திப் பார்த்தாத்தான் தெரியும். போகேல்லையெண்டா சேர்க்கிட்டை முழுக்கக் கழட்டி அம்பு பாக்கைப் பூட்டு, காரணத்தைப் பிறகு தேடலாம்.

கிரிகொயிட் அமத்துறது, வயித்தில இருக்கிறது மேல வராமல் தொண்டைக் குருத்தெலும்பை அமத்துறது, இப்ப எல்லா மயக்க டொக்டரும் கேக்கிறேல்லை. கேக்கிறவருக்கு ஒழுங்காச் செய். நோயாளி முழிப்பா இருக்கேக்க 10 நியூட்டன், நினைவு போனதும் 30. வீட்டில இருக்கிற சமையல் தராசை மேசையில வைச்சு பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் அமத்து: 1 கிலோ, பிறகு 3 கிலோ. உன்ர விரல் எவ்வளவு குறைய அமத்துது எண்டு கண்டு ஆச்சரியப்படுவாய். சுவாசக்குழாய்க்குள்ள ரியூப் போய், அதின்ர நுனிப் பலூனை (கஃப்) ஊதி, மொனிற்றரில கார்பன் டை ஒக்சைட் அலை வந்து, டொக்டர் "விடு" எண்டு சொல்லுமட்டும் விடாதை. வாந்தி எடுத்தா உடன விடு. அதுக்கு ஒருத்தரின்ர உத்தரவும் தேவையில்லை.

அலையைப் பற்றியும் சொல்லவேணும். ரியூப் வைச்ச பிறகு ஏழு மூச்சுக்காவது ஒழுங்கான அலை வராட்டி, அது சுவாசக்குழாயில இல்லை எண்டுதான் எடுக்கவேணும். மார்பு எழும்புது, ரியூபில ஆவி படியுது, சத்தம் கேட்டது எண்ட கதையெல்லாம் வேண்டாம். இதயம் நிண்டு மசாஜ் நடக்கேக்ககூடத் தட்டையான கோடு வந்தா முதலில ரியூப் பிழை எண்டுதான் நினைக்கவேணும். அதை மொனிற்றருக்குப் பக்கத்தில நிக்கிற ஆள் சத்தமாச் சொல்லவேணும். பக்கத்தில நிக்கிறது நீதான்.

எலேன் புரோமிலியின்ர கதையை உங்களுக்கு வகுப்பில படிப்பிச்சிருப்பினம். 2005, 37 வயது, சாதாரண சைனஸ் ஒபரேசன். ரியூப் போகேல்லை, காத்தும் போகேல்லை. மூண்டு கொன்சல்டன்ட் மார் நிண்டு திரும்பத் திரும்ப ரியூப் போடத்தான் பார்த்தவை. ஒரு நேர்ஸ் கழுத்தில துளை போடுற செற்றைக் கொண்டுவந்து "செற் வந்திட்டுது" எண்டு சொன்னவ. இன்னொருத்தி ஐசியூவில கட்டில் கேட்டு வைச்சிட்டு வந்து சொன்னவ. ஒருத்தரும் கவனிக்கேல்லை. என்ன செய்யவேணும் எண்டு அந்தப் பிள்ளையளுக்குத் தெரிஞ்சிருந்தது, பிறகும் கேக்கவைக்க முடியேல்லை. 13 நாளில அந்தப் பெண் செத்துப்போனா. இதைப் படிச்சு முடிச்சு, கட்டுரை எழுதி, நல்ல மார்க்ஸும் எடுத்துப்போட்டு, திங்கட்கிழமை "ட்ரொலி தள்ளுறியே" எண்டா தலையாட்டுறதோ?

கோவியாதை. உன்ர ரெண்டாம் வருசத்து மார்க்ஸை அப்பா இன்னும் ஃப்ரிட்ஜில காந்தம் வைச்சு ஒட்டியிருக்கிறார், வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுறார். "மூத்தவள் தியேட்டரில" எண்டு சொல்லேக்க அவற்ர குரலைக் கேக்கவேணும் நீ.

சேர்ஜனுக்குச் சாமான் எடுத்துக் குடுக்க ஸ்கிரப் நிக்கிற நாளிலயும் இதேதான். ரத்தம் ஒத்துற துணி, சுவாப், ஒரு கட்டில அஞ்சு, சிவப்பு நூலால கட்டியிருக்கும். ஒவ்வொண்டா விரிச்சு, எக்ஸ்ரே கோடு பார்த்து, ரெண்டு பேரும் ஒரே நேரம் பார்த்து, வாய்விட்டு எண்ணவேணும். நடுவில ஆரும் கூப்பிட்டா அந்தக் கட்டைத் திரும்ப ஒண்டிலயிருந்து எண்ணு. அஞ்சுக்குப் பதில் நாலு வந்தா, மற்றக் கட்டோட சேர்த்துச் சமாளிக்காமல் முழுக் கட்டையும் பையில போட்டு ஒதுக்கிவிடு. தொடங்க முதல், உள்ளறை மூட முதல், தோல் தைக்கேக்க எண்டு எண்ணுறதோட, ஆள் மாறேக்கயும் எண்ணவேணும். பிழையள் கூட வாறது அந்த மத்தியானச் சாப்பாட்டு மாற்றத்திலதான், மூண்டு கட்டு மேசையில, ஒண்டு சேர்ஜனின்ர கையில, "சரியாத்தான் இருக்கும், போ" எண்டு ஆரும் சொல்லுவினம். போகாதை. கணக்கு வரேல்லையெண்டா அந்த நிமிசமே, தைக்க முதல், "ஒரு சுவாப் குறையுது" எண்டு சேர்ஜனுக்குச் சொல்லு. நீ முதலில தேடிப்பார்த்திட்டுச் சொல்லுவம் எண்டு நிண்டா அவர் அந்த இடைக்குள்ள மூடிப்போடுவார். குப்பைப் பை ஒண்டும் தியேட்டரை விட்டுப் போகக்கூடாது. சப்பாத்துக்கு அடியிலயும் பார். கிடைக்காட்டி, நோயாளி மேசையில இருக்கேக்கயே எக்ஸ்ரே.

கடைசியா, ஒபரேசன் முடிஞ்சு எல்லாரும் சேர்ந்து சரிபார்க்கிற சைன் அவுட்டில, நரம்பில போட்ட கனூலாவை மருந்து மிஞ்சாமல் ஃபிளஷ் பண்ணினதோ எண்ட கேள்வி வரேக்க எல்லாரும் தலையாட்டுவினம். ஆர் ஃபிளஷ் பண்ணினது எண்டு பேர் கேள். குழாய்க்குள்ள மிஞ்சின சக்ஸ், தசையைத் தளர்த்துற மருந்து, ஒரு துளி, ரிக்கவரியில அன்ரிபயோட்டிக் போடேக்க உள்ள போய், முழிச்சிருக்கிற ஆளின்ர மூச்சை நிப்பாட்டும். ஆளுக்கு எல்லாம் கேக்கும், விரல்கூட அசைக்க ஏலாது.

எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான். தெரிஞ்சதை நான் ஏன் திருப்பித் திருப்பி எழுதுறன் எண்டும் உனக்குத் தெரியும். உன்ர வேலையில பாதி, ஆக்கள் கேக்க விரும்பாததைக் கேக்கிற சத்தத்தில சொல்லுறது. உன்ர மணித்தியாலத்துக்கு வாய் திறக்காத பிள்ளை சுவாப்புக்குத் திறக்குமோ எண்டுதான் என்ர யோசனை.

இன்னொண்டு. அப்பிரண்டிஸ்ஷிப்பைக் கொஞ்சக் காலம் நிப்பாட்டி வைச்சிட்டுத் திரும்பித் தொடங்க இடமிருக்கு. வருத்தமோ, வீட்டுப் பிரச்சினையோ, தாங்கேலாமல் போனதோ, கதைச்சு எழுதினா முடியிற திகதியைத் தள்ளிப் போடுவினம். செய்ததெல்லாம் அழிஞ்சு போகாது. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுறதுதான் உன்ர பேரில நிக்கும். நீ நிப்பாட்டப் போறாய் எண்டு நான் சொல்லேல்லை. இருக்கு எண்டு தெரிஞ்சிருக்கட்டும்.

ஞாயிறு பின்னேரம் போன் எடு. ட்ரெயினிங் பிளானையும், வேலை ரோட்டாவையும் கையில வைச்சுக்கொண்டு எடு. எந்தக் கிழமை எத்தினை மணித்தியாலம் குறையுது எண்டு ரெண்டு பேருமா எழுதுவம், பிறகு உன்ர பயிற்சியைப் பார்க்கிற பிராக்டிஸ் எடியுகேற்றருக்கு ஈமெயில் நீயே எழுது, அனுப்ப முதல் எனக்குக் காட்டு. அப்பாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் பார்சலில வருது, நீ வீட்டில இல்லாட்டிப் பக்கத்து வீட்டில குடுக்கச் சொல்லியிருக்கிறன்.

அம்மா