லாஸ்பேட்டை சர்வர்: மவுண்ட் பிழை

வணக்கம் நண்பர்களே. நேற்று இரவு கரண்ட் போய் வந்ததிலிருந்து லாஸ்பேட்டை அறையின் மூன்றாவது சர்வரில் பிரிக் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக, அதாவது வால்யூமாக, இணைக்கும் GlusterFS மென்பொருளுக்கு அந்த சர்வர் தரும் ஃபோல்டர்) ஆன்லைன் வரவில்லை. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. எஸ்டிபி (sdb) என்றிருந்த அதன் பெயர் ரீஸ்டார்ட்டில் எஸ்டிசி (sdc) ஆகிவிட்டது. எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் பழைய பெயரே இருந்ததால் மவுண்ட் ஆகவில்லை. நோஃபெயில் (மவுண்ட் ஆகாவிட்டாலும் பூட்டை நிறுத்தாதே என்ற ஆப்ஷன்) போட்டிருந்ததால் சர்வர் மட்டும் பூட் ஆகிவிட்டது. இனி அதில் டிஸ்க் பெயருக்குப் பதில், ரீஸ்டார்ட்டில் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி (UUID) மட்டும் எழுதுங்கள்.

வால்யூம்-ஐடி (பிரிக் எந்த வால்யூமைச் சேர்ந்தது என்ற அடையாளம்) இல்லை என்று பிழை வந்தால், தயவுசெய்து அதைக் கையால் எழுதிச் சேர்க்காதீர்கள். மவுண்ட் ஆகாதபோது அங்கே இருப்பது ரூட் டிஸ்க்கின் வெற்று ஃபோல்டர். அதில் அடையாளம் இல்லாததால்தான் கிளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS) பிரிக்கைத் தொடங்க மறுக்கிறது. அந்த மறுப்புதான் ரூட் டிஸ்க் நிரம்பாமல் காக்கிறது. முதலில் மவுண்ட்டைச் சரிசெய்யுங்கள். அப்புறம் வால்யூம் ஸ்டார்ட் ஃபோர்ஸ் (volume start force) கட்டளையைக் கொடுங்கள். ஹீல் இன்ஃபோ (இன்னும் சரிசெய்ய வேண்டிய கோப்புகளின் எண்ணிக்கையைக் காட்டும் கட்டளை) 0 காட்டும் வரை அடுத்த சர்வரைத் தொட வேண்டாம்.

கடலூர் நண்பர்களும் தங்கள் எஃப்எஸ்டேப்பை இன்றே பார்த்துவிடுங்கள்.