மண்ணில் உள்ள பெட்ரோல் ஆவிகளை மூடிய குப்பியில் மறு ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
பழைய எரிபொருள் தொட்டியை அடுத்து வசிக்கும் குடியிருப்போர்

பெறுநர்
சுற்றுச்சூழல் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: மண் மாதிரியை முறைப்படி மீண்டும் எடுத்து, ஹெட்ஸ்பேஸ் முறையில் (மூடிய குப்பியில் மண்ணுக்கு மேலே சேரும் ஆவியை அளக்கும் முறை) ஆய்வு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீடுகளை ஒட்டி, கைவிடப்பட்ட ஒரு நிலத்தடிப் பெட்ரோல் தொட்டி உள்ளது. அங்கே மண்ணைச் சோதித்து, பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற வேதிப்பொருள் கண்டறியப்படவில்லை என்று அறிக்கை தந்துவிட்டார்கள். ஆனால் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினாலே பெட்ரோல் வாடை மூக்கில் ஏறுகிறது. ஆய்வகத்தின் மேல் நாங்கள் குறை சொல்லவில்லை. அங்கே போய்ச் சேர்ந்த மண்ணில் பென்சீன் இல்லாமலே இருந்திருக்கலாம். நிலத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாதிரி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். மண்வெட்டியால் அள்ளித் தட்டில் கொட்டினார்கள். கட்டிகளை உடைத்து, கல்லையும் வேரையும் பொறுக்கி எறிந்து, நன்றாகக் கலந்து பிளாஸ்டிக் பையில் கட்டினார்கள். ஈயம், காட்மியம் பார்ப்பதற்கு இது சரி. பென்சீனுக்கு அறவே ஆகாது. அதன் கொதிநிலை 80 டிகிரி செல்சியஸ்தான்; சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணைக் கிளறக் கிளற அது காற்றில் போய்விடும். மிச்சமிருப்பதும் பிளாஸ்டிக் வழியாகக் கசியும்.

ஹெட்ஸ்பேஸ் முறை இந்த இழப்பைத் தவிர்க்கவே பயன்படுகிறது. ஏறக்குறைய 2 கிராம் மண்ணைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, உப்புக் கரைசல் சேர்த்து, ரப்பர் மூடியை இறுக்கிவிடுவார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 5021ஏ முறைப்படி குப்பியை 85 டிகிரியில் 50 நிமிடம் சூடாக்க வேண்டும். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய பெட்ரோல் சேர்மங்கள் மண்ணையும் நீரையும் விட்டு மேலேயுள்ள காற்றிடத்துக்கு வந்து சமநிலை அடையும். அப்புறம் மூடியை ஊசியால் துளைத்து, அந்தக் காற்றை, சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவிக்குள் செலுத்தி அளப்பார்கள். உப்பு சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: உப்பு நீரில் இந்தச் சேர்மங்கள் குறைவாகவே கரையும், அதனால் மேலே வருவது கூடும்.

ஆனால் ஆய்வகம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், களத்தில் பறந்துபோனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே மாதிரி எடுப்பதில்தான் எங்கள் முதல் கோரிக்கை. புதிதாக வெட்டிய மண் முகப்பிலிருந்து, முனை வெட்டிய சிரிஞ்சு போன்ற குழாயால் மண்ணை எடுத்து, அங்கேயே குப்பியில் இட்டு உடனே மூட வேண்டும். கலக்கவோ சலிக்கவோ கூடாது. குப்பிகள் 4 டிகிரி குளிரில் போக வேண்டும். கூடவே மண் இல்லாத ஒரு வெற்றுக் குப்பியும் போய்வர வேண்டும். வழியில் வேறு ஆவி கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணாக இருந்தால் அமிலம் சேர்த்துப் பதப்படுத்த வேண்டாம். நுரைத்துக் கிளம்பும் வாயுவே பென்சீனையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

எங்கே தோண்டுவது என்று முடிவு செய்ய, காற்றில் உள்ள ஆவிகளின் மொத்த அளவைக் காட்டும் கையடக்க பிஐடி கருவியைப் பயன்படுத்தலாம். ஜாடியில் பாதி மண் போட்டு, அலுமினியத் தாளால் மூடிக் குலுக்கி, மேலே சேரும் ஆவியைப் பார்த்தாலே எந்த இடம் மோசம் என்று தெரியும். ஆனால் அது பென்சீனைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது, ஈரப்பதமும் அதன் அளவீட்டைப் பாதிக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். டீசலும் கசிந்திருக்கலாம் என்பதால், அதன் கனமான பகுதிக்குக் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கும் தனிச் சோதனை தேவை. அந்தக் கனமான பகுதி ஹெட்ஸ்பேஸில் சரியாக மேலே வராது.

பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நாங்கள் குடிப்பது கிணற்று நீர். எனவே நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிய ஆழத்திலும் மண் எடுக்க உத்தரவிடுங்கள். புதிய அறிக்கையில் எடுத்த நேரம், ஆழம், குப்பியை மூடிய விதம், கருவியால் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு எல்லாம் இருக்கட்டும். அந்தக் குறைந்தபட்ச அளவு தெரியாமல், கண்டறியப்படவில்லை என்ற சொல்லை வைத்து எங்களால் எதையும் முடிவு செய்ய இயலாது.

மாதிரி எடுக்கும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், எங்கள் சார்பில் இருவர் உடனிருக்க அனுமதி வேண்டுகிறோம். மறு ஆய்வு முடியும்வரை அந்த இடத்தில் மண் நிரப்பி மூடுவதை நிறுத்திவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர்