பீரோவில் தூங்கும் டார்க் ரென்ச்: சேலத்துப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீசல் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கு,

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சவாரி ஓட்டிப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். கொண்டலாம்பட்டியோ, ஐந்து ரோடோ, அஸ்தம்பட்டியோ, எங்கே பட்டறை வைத்திருந்தாலும் இது உங்களுக்குத்தான். போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச் பற்றித்தான் பேச்சு. யாருடைய பெயரையும் கெடுக்க வரவில்லை. என் வண்டியில் கை வைத்தவர் நல்ல மனிதர், கூலியும் நியாயமாகத்தான் வாங்கினார்.

டைமிங் பெல்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும் பல் பெல்ட்) மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்குமேல் ஏறியாயிற்று. இரண்டாவது கியரில் திரும்பும்போது டக்கென்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. பின் சீட்டில் ஒரு பாட்டியும் இரண்டு குழந்தைகளும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், இன்ஜின் தடையே இல்லாமல் லேசாகச் சுற்றுகிறது. (அப்படித் திருப்பியிருக்கவே கூடாது, அது என் தப்பு.) பெல்ட் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கீழே இழுத்து வந்து கவரைக் கழற்றினால் பெல்ட் புத்தம் புதிதாக அப்படியே இருக்கிறது. ஒரு பல்கூடத் தாண்டவில்லை. நழுவியது புல்லி, அதாவது கேம்ஷாஃப்ட் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம். இந்த இன்ஜினில் கேம் புல்லியைப் பிடித்து நிறுத்தக் கீ (ஷாஃப்ட்டிலும் புல்லியிலும் பொருந்தும் சின்ன இரும்புத் துண்டு) கிடையாது. கூம்பான ஷாஃப்ட் முனையில் புல்லி உட்காரும், நடு போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் பிடி. பெல்ட்டை இழுத்து டென்ஷன் வைக்கும்போது புல்லி கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். போல்ட் தளர்ந்தால் புல்லி தன்பாட்டுக்குச் சுற்றும், கேம்ஷாஃப்ட் பின்தங்கிவிடும். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்மூடி) ஒட்டியே வரும். அந்த நேரத்தில் வால்வு திறந்திருந்தால் அடிதான். எனக்கு வால்வுகள் வளைந்து, ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று.

விசாரித்தால், அந்தப் பட்டறையில் டார்க் ரென்ச் இருந்திருக்கிறது. பெட்டி பிரிக்காமல் பீரோவில்! "கை பழகிப்போச்சு தம்பி" என்றார்.

அண்ணே, எவ்வளவு இறுக்கம் என்று கைக்குத் தெரியாது. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் பத்து கிலோ தொங்கவிட்டால் வரும் முறுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். அதே பத்து கிலோ அழுத்தத்தை ஒரு சாண் ஸ்பேனரில் கொடுத்தால் கால்வாசிகூட வராது. சரி, பைப் மாட்டி இழுத்தால்? போல்ட் நீண்டுவிடும். இறுக்கிய பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று கம்பெனி சொல்லும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறைக்கு மட்டும்தான். பழையதையே துடைத்துப் போடாதீர்கள், புதிய போல்ட்டுக்குக் காசு நான் தருகிறேன்.

இன்னொன்று. கேம்ஷாஃப்ட்டை அசையாமல் பூட்டும் லாக் பின் (இரும்பு ஊசி) டைமிங்கை நிறுத்தத்தான், இறுக்கும்போது எதிர்ப்பலம் கொடுக்க அல்ல. புல்லியைப் பிடிக்கத் தனிக் கருவி உண்டு. அப்புறம் லாக் பின்னை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி மார்க்கை மறுபடி பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. "பெல்ட் மட்டும் போதும்ணே" என்று பேரம் பேசுகிறோம். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும், அதைத் தாங்கிச் சுற்றும் ஐட்லரும் பழசாகவே கிடக்கும். அந்த பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் ஒழுகினால் புது பெல்ட்டும் வீண். இனி நான் அப்படிக் கேட்க மாட்டேன். நீங்களும் கழற்றியதையெல்லாம் என் கையில் கொடுங்கள், கிலோமீட்டரும் தேதியும் எழுதி பெல்ட் கவர்மேல் ஒட்டுங்கள். பெல்ட்டுக்கு ஓட்டக் கணக்கு மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. ஏற்காடு போய்த் திரும்பும் வண்டியில் கிலோமீட்டர் ஏறுவதற்குள் வருடம் ஓடிவிடும்.

அடுத்த மாசம் என் தம்பி வண்டிக்கு பெல்ட் மாற்ற வேண்டும். டார்க் ரென்ச் மேஜைமேல் கிடக்கிற பட்டறையாகப் பார்த்துத்தான் வருவேன். கொஞ்சம் கிரீஸ் படிந்திருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு ஏற்காட்டுச் சவாரிக்காரன்